ஓட்டை அடைத்த கசெற்

வயதானவர்கள்தான் பழங்கதை எழுதுவார்கள் என்று சிரிக்காதீர்கள். இந்தத் தொண்ணூற்று மூன்றிலும் எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஆனால் அந்த எழுபதுகளில் என்னைப்போலவே பிள்ளைகளாகச் சிட்னியிலும் மெல்பேணிலும் வந்திறங்கியவர்களே, நான் சொல்லப்போகும் சாமானை உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டு அலுமாரியிலும் ஒன்று இருந்திருக்கும். ஊருக்குப் பேசிப் பதிந்து அனுப்புகிற ஒலிநாடா, கசெற்.

எங்கள் வீட்டில் எழுத வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அப்பா கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். கப்பலின் இயந்திர அறையில் எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தவர், சிட்னியில் இறங்கி, ஹோம்புஷ் பக்கத்துச் செங்கல் சூளையில் வேலை பிடித்து எங்களைக் கூப்பிட்டபோது எனக்கு எட்டு வயது. பதினொரு வயதில் நான் அந்த வீட்டின் எழுத்தராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் ஆகியிருந்தேன். மின்சாரக் கட்டணத் தாளில் இருந்து மருந்துப் போத்தல் வரை எல்லாம் என்னிடம்தான் வரும். பெருமையாகத்தான் இருந்தது. இப்போதும் பெருமைதான். அந்தப் பெருமை ஒரு சனிக்கிழமை செய்த காரியத்தைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எழுத்துத் தெரியாத அம்மாவுக்கும் ஊரில் இருந்த மாமாவுக்கும் நடுவே ஒரேயொரு கசெற் போய் வந்துகொண்டிருந்தது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. யாழ்ப்பாணத்துக் கடைத்தெருவில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் சிறிய கடை வைத்திருந்தார். நாங்கள் பேசி அனுப்புவோம். மாமா அதைக் கேட்டுவிட்டு, எங்கள் பேச்சின் மேலேயே தன் பதிலைப் பதிந்து அனுப்புவார். அவர் பதிலை நாலைந்து முறை கேட்டுவிட்டு, அதன் மேலே நாங்கள். புதுக் கசெற் வாங்குவது வீண் செலவு என்பது அப்பாவின் கட்சி. அதனால் அந்த மூன்று வருடப் பேச்சில் எங்களிடம் மிஞ்சியது கடைசியாக வந்தது மட்டும்தான். அதுதான் வழக்கம். ஒருவருக்கும் அதில் குறை தெரியவில்லை.

*

எங்கள் தொடர்மாடி ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்தது. சிவப்புச் செங்கல், மூன்று தட்டு. ரயில் போகும்போது குசினியில் கோப்பைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். எங்களுக்கு நேர் மேலே ஆர்ஜென்டினாவில் இருந்து வந்த ஓர் அன்ரி தனியாக இருந்தார். அம்மாவும் அவரும் ஒரே சட்டைத் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் இருந்தவர்கள். அம்மா கொலர் தைப்பார், அன்ரி கைப்பட்டி தைப்பார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. ஆனாலும் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவார்கள். அம்மா தமிழில், அவர் ஸ்பானியத்தில். மறுமொழி சரியான இடத்தில்தான் விழும்.

மேல்வீட்டு அன்ரியின் சுவரில் சாமிப் படம் இல்லை. தொப்பியைச் சாய்த்து வைத்துச் சிரிக்கும் ஒரு பாடகரின் படம்தான் இருந்தது. அதன் கீழே அடுக்கடுக்காக இசைத்தட்டுகள். டாங்கோ என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அங்கேதான். ஞாயிறு பின்னேரங்களில் அவருடைய ஊர்க்காரர் சிலரும், ஆற்றுக்கு அக்கரை உருகுவேக்காரர் சிலரும் வந்து கூடுவார்கள். அந்தத் தொப்பிக்காரர் எந்தக் கரையில் பிறந்தவர் என்று அவர்களுக்குள் வாராவாரம் சண்டை. அடிதடிக்குப் போய்விடுவார்கள் என்று நான் பயந்து ஓடிவந்ததும் உண்டு. பிறகு யாராவது ஓர் இசைத்தட்டைப் போடுவார்கள். எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

கீழ்வீட்டில் ஒரு பின்லாந்துக்காரர் இருந்தார். அவர் ஒருநாள் பியர்ப் போத்தலோடு அன்ரி வீட்டுக்குப் படியேறி வந்து, இது பின்லாந்துப் பாட்டு, நாங்கள் பனிக்காலம் முழுதும் இதற்குத்தான் ஆடுவோம், உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். அன்று அங்கே வந்திருந்த அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார்:

"பிள்ளை, இவையளுக்குச் சொல்லு. இந்த அடி எங்கட பழைய படப் பாட்டுகளிலை வாற அடி. எங்கட ஆக்களிட்டைத்தான் களவெடுத்திருக்கினம்."

நான் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். அன்ரி கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அதுதான் அதன் குணம். போகிற ஊரில் தன்னைப் பெற்றது அந்த ஊர்தான் என்று நம்ப வைத்துவிடும்."

யப்பானில் ஒரு பெண் இருக்கிறாளாம். ஸ்பானியத்தில் ஒரு சொல்லும் தெரியாமல், இசைத்தட்டைக் கேட்டுக் கேட்டு ஒலியை மட்டும் பாடமாக்கிப் பாடுவாளாம். அவள் பாட்டைக் கேட்டுத் தங்கள் ஊர்க்காரரே அழுதார்கள் என்றார் அன்ரி.

"பொருள் தெரியாமல் பாடினால் அது பாட்டா? கிளிப்பிள்ளை மாதிரி" என்றேன் நான். வகுப்பில் முதலாம் பிள்ளை அல்லவா.

அன்ரி என்னை ஒரு கணம் பார்த்தார். "நேனா, நீ சரியான கெட்டிக்காரி" என்றார். நேனா என்றால் சின்னப் பெண்ணே என்பதுபோல. அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

*

அன்ரிக்கு ஒரு தங்கச்சி. ஊரில் சின்னச் சின்ன மண்டபங்களில் டாங்கோ பாடுகிறவள். இசைத்தட்டு வெளிவந்தவள் அல்ல, சுவரில் படம் மாட்டுமளவுக்குப் பெயர் பெற்றவளும் அல்ல. முந்திய வருடம் ஒருநாள் வேலைக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. அங்கே பட்டாளத்தார் ஆட்சி. யாரிடம் கேட்பது, கேட்டால் யாருக்கு என்ன நடக்கும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அன்ரி இங்கிருந்து ஆங்கிலத்தில் பல அலுவலகங்களுக்கும் கடிதம் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கடிதங்களை எழுதியது நான். "மதிப்புக்குரிய ஐயா" என்று தொடங்கி, தங்கச்சியின் உயரம், தலைமயிரின் நிறம், கடைசியாக உடுத்திருந்த உடுப்பு என்று எழுதுவேன். எழுத்துப்பிழை வந்தால் கிழித்துப்போட்டுப் புதுத்தாள் எடுப்பேன். எழுத்து அழகாக இருந்தால் ஆள் கிடைத்துவிடுவாள் என்று நினைத்தேனோ என்னவோ.

அந்தத் தங்கச்சியின் குரல் ஒரு கசெற்றில் இருந்தது. அன்ரி ஆஸ்திரேலியாவுக்குப் புறப்படுவதற்கு முதல்நாள், ஊரில் அவருடைய வீட்டுக் குசினியில் வைத்துப் பதிந்தது. ஒரு பக்கத்தில் ஐந்து பாட்டு. வாத்தியம் இல்லை, மேசையில் விரலால் தட்டும் தாளம் மட்டும். முதல் பாட்டுக்கு முன்னால் மழை பெய்வதுபோல ஒரு சத்தம் கேட்கும். பிறகு ஒரு பெண்குரல் சிரித்துக்கொண்டே ஒரு வரி பேசும். மழை நிற்கும். பாட்டுத் தொடங்கும். அவ்வளவுதான் அந்தப் பேச்சு. அன்ரி ஒவ்வொரு முறையும் அந்த மழைச் சத்தத்தில் இருந்துதான் போடுவார். நேரே பாட்டுக்குப் போகமாட்டார்.

அவள் பாடும் முறையை அன்ரி எனக்குச் சொல்லித் தந்தார். தாளம் முன்னால் போய்க்கொண்டிருக்கும். பாடுகிறவள் சொல்லைக் கொஞ்சம் பின்னால் விட்டு, கடைசி நேரத்தில் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்வாள். ரயிலுக்குப் பிந்தியவர் கடைசிப் பெட்டியில் தொற்றி ஏறுவதுபோல. பிடிப்பாளா, தவறவிடுவாளா என்று கேட்கிறவரின் நெஞ்சு அடித்துக்கொள்ள வேண்டும். அதுதான் டாங்கோப் பாட்டாம்.

*

எழுபத்தேழாம் ஆண்டு ஆடி மாதம் பிறந்திருந்தது. இங்கே நல்ல குளிர். பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு நாட்டின் பாட்டைப் பற்றி வகுப்பில் பேசச் சொன்னார்கள். கிரேக்கப் பிள்ளை கிரேக்கப் பாட்டு, லெபனான் பிள்ளை லெபனான் பாட்டு. எனக்கு அப்படி எல்லாரையும்போலச் செய்யப் பிடிக்கவில்லை. டாங்கோவைப் பற்றிப் பேசுகிறேன் என்று கை உயர்த்திவிட்டு, அன்ரியிடம் போய்க் கசெற்றைக் கேட்டேன்.

"இசைத்தட்டுத் தருகிறேன். தொப்பிக்காரரைக் கொண்டுபோ."

"எல்லாரும் கேட்டது எனக்கு வேண்டாம், அன்ரி. உங்கள் தங்கச்சிதான் வேண்டும்."

நெடுநேரம் யோசித்தார். அத்தனை கடிதம் எழுதிக் கொடுத்தவளுக்கு இல்லை என்று சொல்ல அவரால் முடியவில்லை என்று இப்போது விளங்குகிறது. கசெற்றைத் திருப்பி அதன் முதுகைக் காட்டினார். அங்கே இரண்டு ஓரங்களிலும் சிறு பிளாஸ்டிக் தகடு இருக்கும், உங்களுக்குத் தெரியும். அதை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தின் மேல் யாரும் பதிய முடியாது. பதியும் பொத்தான் கீழே இறங்காது. அன்ரி அதை உடைத்திருந்தார்.

"பார், கதவைப் பூட்டித்தான் தருகிறேன். மூன்று நாள்."

"நான் பொறுப்பு" என்றேன்.

வகுப்பில் பிரமாதமாகப் பேசினேன். துறைமுகத்துச் சந்துகளில் பிறந்தது பாரிசுக்குப் போனது, பின்லாந்துக்குப் போனது, யப்பானுக்குப் போனது எல்லாம் சொன்னேன். பிறகு கசெற்றைப் போட்டேன். மழைச் சத்தம், ஒருவரிப் பேச்சு, பாட்டு. பின்வரிசைப் பிள்ளைகள்கூடச் சிரிக்கவில்லை. ஆசிரியை என் கொப்பியில் தங்க நட்சத்திரம் ஒட்டினார். வீட்டுக்கு வந்து, அந்த வெற்றியை மறுபடி கேட்க ஆசைப்பட்டு, கசெற்றை எங்கள் ரேப் ரெக்கோடரில் போட்டு இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பக் கேட்டேன். எடுத்து வைக்கவில்லை. அதன் வெறும் பெட்டி என் புத்தகப் பையில் இருந்தது. எழுத்தெல்லாம் பெட்டியில்தான். கசெற்றின் மேல் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் அப்பா வேலையால் வந்து குளித்துவிட்டு, மாமாவுக்குப் பேச உட்கார்ந்தார். நான் அதே மேசையில் நூலகப் புத்தகம் ஒன்றில் மூழ்கியிருந்தேன். ஒட்டுத்தாள் சுருளும் கத்தரிக்கோலும் என் பக்கத்திலேயே கிடந்தன. நாடா முதலுக்கு ஓடும் சத்தம் கேட்டது. பிறகு டக், டக் என்று பொத்தானை அமுக்கும் சத்தம்.

"பிள்ளை, இது இறங்குதில்லை."

"என்னப்பா இறங்குதில்லை?"

"பதியிற பொத்தான். மெஷின் பழுதாப் போச்சுப் போல."

"மெஷின் பழுதில்லை. கசெற்றை எடுத்துப் பாருங்கோ, பின்னாலை ஓட்டை இருக்கும்."

"ஓம், இருக்கு."

"இஞ்சை தாங்கோ."

புத்தகத்தில் இருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டினேன். ஒட்டுத்தாளில் ஒரு துண்டு கிழித்து ஓட்டையின் மேல் ஒட்டினேன். நகத்தால் அழுத்தித் தேய்த்தும் விட்டேன். கசெற்றைத் திருப்பி முகம் பார்க்கவில்லை.

"இதுகூடத் தெரியாதோ அப்பா உங்களுக்கு?"

"நாங்கள் படிச்சனாங்களோ, அம்மா" என்று சிரித்தார் அப்பா. பொத்தான் இறங்கியது.

அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். தம்பி, நாங்கள் நல்ல சுகம், நீ சுகமோ. இஞ்சை குளிர் கூட. கொலர் ஒரு நாளைக்கு இவ்வளவு தைக்கிறன். கதிரை ரெண்டு வாங்கினனாங்கள். பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்திலை நட்சத்திரம் குடுத்திருக்கினம். பத்துப் பன்னிரண்டு நிமிடம்போல இருவரும் மாறி மாறிப் பேசினார்கள். திங்கட்கிழமை விடிய அப்பா வேலைக்குப் போகும் வழியில் தபாலில் போட்டுவிட்டார்.

*

திங்கள் பின்னேரம் அன்ரி படியிறங்கி வந்தார். "நேனா, என் தங்கச்சி எங்கே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். கசெற்றை அவர் அப்படித்தான் சொல்வது.

பையில் இருந்து பெட்டியை எடுத்தேன். திறந்தால் வெறுமை. ரேப் ரெக்கோடரைத் திறந்தேன். வெறுமை. அலுமாரி இழுப்பறையைத் திறந்தபோது மாமாவின் கசெற் அங்கே பத்திரமாக இருந்தது. அப்படியென்றால் ஊருக்குப் போனது தங்கச்சி. அம்மா என் முகத்தைப் பார்த்தார். இழுப்பறையைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

"பள்ளிக்கூடத்திலை இருக்கெண்டு சொல்லு" என்றார் அம்மா தமிழில். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

அப்படியே சொன்னேன். அன்ரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

அப்பா வந்ததும் வீட்டில் பிரளயம்.

"அந்த ஓட்டையை ஆர் மூடினது?" என்று கேட்டார் அம்மா.

"நான்தான்" என்றார் அப்பா. என்னைப் பார்க்கவே இல்லை.

"உங்களுக்கு அது மூடத் தெரியுமே?"

அப்பா வெறும் ரேப் ரெக்கோடரைத் திறந்து மூடினார். நான் ஒட்டுத்தாள் சுருளை இழுப்பறைக்குள் தள்ளினேன்.

இனி நடக்கப்போவதை எண்ணிப் பார்த்தேன். முதல் மூன்று பாட்டும் அந்தப் பேச்சும் போயிருக்கும். கடைசி ஒன்றிரண்டு பாட்டு அம்மாவின் பேச்சுக்குப் பின்னால் மிச்சம் இருக்கலாம். ஆனால் மாமா வழக்கப்படி அதன் மேல் பதில் பேசுவார். அரைமணி நேரம் பேசக்கூடிய மனிதர். பேசினால் ஒன்றும் மிஞ்சாது.

"தந்தி அடிப்பம்" என்றார் அப்பா. "பதியாதை, திருப்பி அனுப்பு எண்டு."

"தந்தியோ? தந்திக்காரன் படலையிலை நிண்டால் செத்தவீடு எண்டு நினைச்சு ஊரே ஒப்பாரி வைக்கும். நெஞ்சு வருத்தக்காரன் அவன். வேண்டாம். பிள்ளை கடுதாசி எழுதட்டும்."

எழுதினேன். என் வாழ்க்கையில் நானே எழுதிய முதல் தமிழ்க் கடிதம் அது. "மாமா, கசெற்றில் ஒன்றும் பேச வேண்டாம், அப்படியே அனுப்புங்கோ" என்று நீல விமானத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டேன். கசெற்றுக்கு மூன்று நாள் பின்னால் அது புறப்பட்டது. நான் படுக்கையில் கிடந்து கணக்குப் பார்ப்பேன். கசெற் இப்போது சிங்கப்பூரில். கடிதம் இன்னும் சிட்னியில்.

அன்ரி அடுத்த கிழமையும் கேட்டார். ஆசிரியைக்குச் சுகமில்லை என்றேன். அதற்கடுத்த கிழமையும் கேட்டார். பள்ளிக்கூட அலுமாரி பூட்டியிருக்கிறது என்றேன். அவர் என்னை நம்பினாரா என்று தெரியவில்லை. படியில் அவருடைய காலடி கேட்டால் நான் குளியலறைக்குள் போய்விடுவேன்.

அப்போதுதான் ஊரில் கலவரம் என்று செய்தி வந்தது. கடைத்தெரு எரிகிறது என்றார்கள். பிறகு தெற்கில் இருந்து தப்பிய தமிழ் ஆட்கள் கப்பலில் யாழ்ப்பாணம் வருகிறார்கள் என்றார்கள். எங்கள் தபால்பெட்டி வெறுமையாகவே கிடந்தது. அம்மா தொழிற்சாலையில் ஒரு நாள் விரலோடு சேர்த்துத் தைத்துவிட்டார். அன்ரிதான் கட்டுப்போட்டுக் கூட்டிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்து எங்கள் குசினியில் வந்து இருந்தார். சூப்புக் காய்ச்சிக் கொண்டுவந்தார். அம்மாவின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். கசெற்றைப் பற்றி ஒரு சொல் கேட்பதில்லை. எங்கள் துன்பத்தில் தன் சாமானைக் கேட்பது அழகில்லை என்று நினைத்தார் போலும்.

"உன் அம்மாவுக்குச் சொல்லு" என்றார் ஒருநாள். "தம்பியின் குரல் வரும். தபால் பிந்தினாலும் வரும் என்று சொல்லு."

நான் அதைத் தமிழில் சொன்னேன். அம்மா சூப்புக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

*

பொதி ஒரு சனிக்கிழமை காலை வந்தது. மாமாவின் கையெழுத்து. அப்பா கத்தரிக்கோலை எடுத்து அவசர அவசரமாக வெட்டி, கசெற்றை ரேப் ரெக்கோடருக்குள் வைக்கப் போனார். அம்மா அவர் கையைப் பிடித்தார்.

"வேண்டாம். இது எங்கட சாமான் இல்லை."

"உன்ரை தம்பியடி. உயிரோடை இருக்கிறானோ எண்டு தெரிய வேண்டாமோ?"

"அவவின்ரை தங்கச்சி. மேலை வைச்சுக் கேப்பம்."

மூவரும் படியேறினோம். நான் கதவைத் தட்டினேன். அன்ரி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"சொல்லிப் போடு பிள்ளை" என்றார் அம்மா. "ஒண்டும் ஒளிக்காமல்."

சொன்னேன். வெறும் பெட்டி, சனிக்கிழமை, ஊருக்குப் போனது, பள்ளிக்கூடம் என்று சொன்னதெல்லாம் பொய். ஓட்டையை மூடியது என்ற இடம் வந்ததும் நின்றேன். அப்பா, தனக்கு ஆங்கிலம் விளங்காது என்ற முகத்தோடு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மூடியது நான்" என்றேன்.

அன்ரி என் கையில் இருந்த கசெற்றை வாங்கினார். அதன் முதுகில் என் ஒட்டுத்தாள் இன்னும் இருந்தது. அதைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு தன் மெஷினில் போட்டார்.

மாமாவின் குரல் கேட்டது. அம்மா கதிரையை மெஷினுக்குக் கிட்ட இழுத்து இருந்தார். உயிரோடு இருக்கிறார் என்ற நிம்மதியும், பதிந்துவிட்டார் என்ற பயமும் ஒரே நேரத்தில். அம்மாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"அக்கா, கடை எரிஞ்சு போச்சு. அம்ப்ளிபயர், குழாய் ஸ்பீக்கர் எல்லாம் போச்சு. எங்களுக்கு ஒண்டும் இல்லை, பயப்பிடாதேங்கோ. இந்த ரேப் ரெக்கோடர் வீட்டிலை இருந்தபடியால் தப்பிச்சுது."

நான் ஒவ்வொரு வரியாக அன்ரிக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். என் வேலை அதுதானே. நாடா சுற்றிக்கொண்டே இருந்தது.

"அது கிடக்கட்டும். அக்கா, உங்கட கதை முடிய ஒரு பொம்பிளை பாடுறா. ஆரது? வாசிகசாலை விளையாட்டுப் போட்டிக்குச் சாக்கோட்டம் நடக்கேக்கை ஒலிபெருக்கியிலை போட்டுவிட்டன். பெடியங்கள் சாக்கோடை நிண்டு கேட்டுக்கொண்டு நிண்டாங்கள். செயலாளர் என்னை ஏசின ஏச்சு! கடை எரிஞ்ச கிழமை முழுக்க நானும் அதைத்தான் போட்டுப் போட்டுக் கேட்டனான். என்ன பாஷை எண்டு கடவுளுக்குத்தான் தெரியும். பிடிக்கிறாவோ விடுறாவோ எண்டு நெஞ்சு அடிச்சுக்கொண்டு இருக்கும். அதின்ரை மேலை கதைக்க எனக்கு மனம் வரேல்லை. அதாலை கெதியாச் சொல்லிப்போட்டு நிப்பாட்டுறன்."

அன்ரிக்கு அதை முழுதாகச் சொல்லவில்லை. "உங்கள் தங்கச்சியை அழிக்கவில்லை என்று மாமா சொல்கிறார்" என்று மட்டும் சொன்னேன்.

என் கடிதம் மாமாவுக்கு அப்போது போய்ச் சேரவே இல்லை என்று பின்னால் தெரிந்தது. இரண்டு கோடு போட்ட அந்தக் கடிதம் ஒன்றையும் காப்பாற்றவில்லை.

மாமா நிறுத்தினார். டக். உடனே அம்மாவின் பழைய குரல் நடுவில் இருந்து வந்தது. "...கதிரை ரெண்டு வாங்கினனாங்கள், பிள்ளைக்கு நட்சத்திரம்..." சரி தம்பி வைக்கிறன். அறையில் நாங்கள் யாரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. டக்.

நடுச் சொல்லில் அவள் பாடிக்கொண்டிருந்தாள். மேசையில் விரல் தாளம். ஒன்றரைப் பாட்டு. அன்ரி மெஷினின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார். முடிந்தது.

"முன்னால் அவள் பேசினாள்" என்றார் அன்ரி.

"பேச்சுப் போய்விட்டது, அன்ரி."

அவர் கதிரையில் இருந்தார். அதுவரை அழாதவர் அப்போதுதான் முகத்தை மூடினார். நான் என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரியாது. வாயைத் திறந்து, அந்த ஒரு வரியைச் சொன்னேன். எத்தனை முறை கேட்டிருக்கிறேன், வாய்ப்பாடு மாதிரி உள்ளே இருந்தது.

"தாலே, செர்ரா லா கனிஷா, கே ஷா எஸ்தா கிராபாந்தோ."

அன்ரி கையை எடுத்து என்னைப் பார்த்தார்.

"மறுபடி" என்றார்.

*

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் நான் மேலே போக வேண்டும். இது அன்ரி கேட்டது. அம்மா மறுபேச்சில்லாமல் அனுப்பினார். மற்றவர்கள் வருவதற்கு முன்னால், அன்ரி என்னைக் குசினிக் கதவுக்கு நேரே நிறுத்துவார். உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு வருவார். கதிரையில் இருந்து கண்ணை மூடுவார். நான் அந்த வரியைச் சொல்ல வேண்டும், தங்கச்சி சொன்னதுபோலவே சிரித்துக்கொண்டு. சொன்னதும் எழும்பிப் போய்க் குழாயை மூடுவார். வந்து கசெற்றைப் போடுவார். ஒன்றரைப் பாட்டு.

எனக்கு அது தண்டனை. செய்த குற்றத்துக்கு வாராவாரம் முழங்காலில் நிற்க வைக்கிறார் என்றுதான் நினைத்தேன். வரியின் பொருளைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பொருள் தெரியாமல் பாடினால் கிளிப்பிள்ளை என்று சொன்னவள் நான். எந்த முகத்தோடு கேட்பது? ஏதோ செபம் என்று நானே முடிவு கட்டிவைத்திருந்தேன். தண்ணீரை வீணாக ஓடவிடுகிறார், வயது போகிறது, மறதி என்று அம்மாவிடம் முறைப்பாடும் சொன்னேன்.

அடுத்த வருடம் அப்பாவுக்கு மெல்பேணில் வேலை கிடைத்தது. வெரிபீயில் ஒரு மரவீடு. புறப்படும் ஞாயிறன்று விடைபெறப் போனேன். லொறி கீழே நின்றது, அப்பா கோன் அடித்துக்கொண்டிருந்தார். அன்ரி வழக்கம்போலக் குழாயைத் திறந்துவிட்டு வந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் நல்ல பிள்ளையாக, ஓடிப்போய் அதை இறுக்கி மூடிவிட்டு வந்து, ஒரே மூச்சில் அந்த வரியைச் சொன்னேன். அன்ரி கண்ணைத் திறந்தார். எழும்பவில்லை. கதிரையிலேயே இருந்தார். கசெற்றையும் போடவில்லை. "போய் வா, நேனா" என்று என் நெற்றியில் முத்தமிட்டார்.

ஒன்றிரண்டு வருடம் நத்தார்ப் பண்டிகைக்கு வாழ்த்து அட்டை வந்தது. பிறகு இல்லை. தங்கச்சியைப் பற்றி ஒரு செய்தியும் வந்ததாகத் தெரியவில்லை.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆள் நான். இப்போது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. போன மாதம் உருகுவேயில் பிறந்த ஒரு தாதியோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். பேச்சு டாங்கோவில் வந்து நின்றது. வயதோடு பெருமை கொஞ்சம் தேய்ந்திருக்க வேண்டும். அந்த வரியைச் சொல்லி, இது என்ன செபம் என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "இது எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் பேசும் பேச்சு. யார் சொல்லித் தந்தது? செபமும் இல்லை, ஒன்றும் இல்லை. ‘சரி சரி, குழாயை மூடு, பதியத் தொடங்கிவிட்டது’, அவ்வளவுதான்."

அப்போ அது மழை இல்லை. அன்றைக்கு அந்தக் குசினியில் அக்கா கோப்பை கழுவிக்கொண்டிருந்திருக்கிறாள். தங்கச்சி மூடச் சொல்லியிருக்கிறாள். அக்கா மூடியிருக்கிறாள்.

ஞாயிறுதோறும் அன்ரி அதையே செய்தார். கடைசி ஞாயிறு மட்டும் மூடுவதற்கு ஒன்றையும் நான் மிச்சம் வைக்கவில்லை.